சோதித்தவர் பெயர்

பதில் கேள்விக்கு முன்னால் வந்துவிட்டது என்று சொல்லி டெஸ்ட் தோற்றுப்போயிருந்தது.

மிருதுளா அந்தச் சிவப்பு வரியைத் திரும்பவும் படித்தாள். சோதனை பெஞ்சில் ஒரு படம் காட்டப்படும். பெஞ்சுக்குள் இருப்பது, அந்தப் படம் என்னவென்று சொல்ல வேண்டும். குடை, ஆடு, சீப்பு, பூட்டு என்று ஒன்றாம் வகுப்புப் பாடப்புத்தகத்தை நம்பி யாரோ தொகுத்த வரிசை. அன்று காலை, குடை திரைக்கு வருவதற்கு முன்பே "குடைங்க" என்று பதில் பதிவாகியிருந்தது. ஆட்டுக்கும் அதே கதை.

"கடிகாரம் கெட்டுப்போச்சு," என்றான் பக்கத்து நாற்காலி ஜெபராஜ். நாகர்கோவில்காரன். எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் கடிகாரத்தைத்தான் குற்றம் சொல்வான். பாதி நேரம் அது சரியாகவும் இருந்துவிடும் என்பதால் அவனைத் திருத்த முடியவில்லை.

மிருதுளா வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவள் வேலை கர்னலில். கருவிக்குள் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடிக்கொண்டு, யாருக்கு எப்போது எவ்வளவு இடம் என்று பங்கு பிரிக்கிற நிரலுக்குப் பெயர் அது. அவளுடைய அப்பா சொந்தக்காரர்களிடம் "பொண்ணு கர்னல்ல இருக்குது" என்று சொல்லப்போக, துடியலூர்ப் பெரியப்பா வீட்டில் அவள் ராணுவத்தில் சேர்ந்துவிட்டதாகவே முடிவுசெய்து, ஒரு வளைகாப்பில் பார்த்தபோது முதுகை நிமிர்த்திக்கொண்டு பேசினார்கள். அவள் மறுக்கவில்லை. கர்னல் என்றால் என்னவென்று விளக்குவதைவிட எல்லையைக் காப்பது சுலபம்.

இந்தக் கர்னல் ஓடுவது மண்டையோட்டுக்கு அடியில். பக்கவாதம் வந்து பேச்சை இழந்தவர்களுக்குப் பொட்டுக்கடலை அளவில் ஒரு கருவி பொருத்துவார்கள். மூளையில் செத்துப்போன பகுதி செய்துவந்த வேலையை அது செய்யும். அதில் ஒரு வரி தப்பினால் யாரோ ஒருவருக்குத் 'தண்ணி' என்கிற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்து நின்றுவிடும். அதனால் கர்னலில் செய்கிற ஒவ்வொரு மாற்றத்துக்கும், அதாவது ஒவ்வொரு பேட்ச்சுக்கும், அடியில் மூன்று பெயர் வேண்டும். எழுதியவர், ரிவ்யூ செய்தவர், சோதித்தவர். ஒரே ஆள் இரண்டு இடத்தில் வரக் கூடாது. தன் பேட்ச்சைத் தானே பார்த்து 'அருமை' என்று எழுதிக்கொள்ளும் பழக்கம் உலகில் வேறு எல்லாத் துறைகளிலும் உண்டு. கர்னலில் மட்டும் இல்லை.

"எல்லா டெஸ்ட்லயும் சோதித்தவர்ங்கற இடத்துல 'பெஞ்சு'ன்னுதான் போடறோம். அந்தப் பெஞ்சுல இருக்கறது என்ன?" என்று கேட்டாள் மிருதுளா.

"மாதிரி."

"என்ன மாதிரி?"

"பேரே அதுதான். மாதிரி." ஜெபராஜ் நாற்காலியைத் திருப்பினான். "புதுப் பேட்ச்சைக் கொண்டுபோய் நேரா நோயாளி தலையில போட முடியாதுல்லா? எலிகிட்ட குடையைக் காட்டியும் பிரயோசனம் இல்ல. அதுனால ஒரு மனுசனோட மூளையை அப்படியே படி எடுத்து வச்சிருக்காங்க. ஒவ்வொரு பேட்ச்சுக்கும் அதை எழுப்புவோம், படத்தைக் காட்டுவோம், அணைப்போம். அடுத்தவாட்டி எழுப்புனா பழைய இடத்துல இருந்தே ஆரம்பிக்கும். அதுக்கு எப்பவும் முதல் தடவைதான்."

"அது பேசறதை யாராவது கேட்டிருக்கீங்களா?"

"எதுக்குக் கேக்கணும்? எழுத்தா மாத்தி, சரியா தப்பான்னு மெஷினே பாத்துக்கிடுது."

மிருதுளா ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். முதலில் பழைய பதிவுகள் சிலவற்றைக் கேட்டாள். இளம் ஆண் குரல். ஒவ்வொன்றும் ஒரே மாதிரி தொடங்கியது: "ஆரம்பிச்சுட்டீங்களா? சீக்கிரம் முடிச்சிருங்க, ஸ்டேஷன் போகோணும்." பிறகு குடை, ஆடு, சீப்பு, பூட்டு. பிறகு அணைந்துவிடும்.

இன்றைய பதிவில் அந்த முதல் வாக்கியம் இல்லை. கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அவசர அவசரமாக, "குடைங்க, ஆடுங்க, சீப்புங்க, பூட்டுங்க. எல்லாஞ் சொல்லிட்டேன். இப்ப அணைச்சிருவீங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. அந்தப் பக்கம் யாராச்சும் கேட்டுட்டு இருக்கீங்களா?"

பதிவு அங்கே முடிந்தது. டெஸ்ட் முடிந்துவிட்டதால் பெஞ்சு தன்பாட்டுக்கு அணைத்திருந்தது.

அவள் ஹெட்போனைக் கழற்றி ஜெபராஜின் தலையில் மாட்டினாள். அவன் வாயிலிருந்த முறுக்கு பாதியில் நின்றது.

"சவம், இது கடிகாரம் இல்ல," என்றான்.

"யாரோட குரல் இது?"

ஜெபராஜ் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்தான். கேபினுக்குள் நவநீதன் காகிதப் பொட்டலத்திலிருந்து சுண்டல் எடுத்துத் தின்றபடி எதையோ படித்துக்கொண்டிருந்தார். கர்னலின் பொறுப்பாளர். அதன் முதல் வரிகளை எழுதியவர். தலை நரைத்து, வயிறு மேசையைத் தொட்டது.

"அந்தக் காலத்துல கம்பெனியில ஆறேழு பேருதான். மாதிரிக்கு ஆள் தேடுறதுக்கு யாருக்கும் பொறுமை இல்ல. இவரு சின்னப் பையன், நானே உக்காருதேன்னு உக்காந்துட்டாரு. இருபத்தேழு வயசு. படி எடுத்த கையோட எழுந்து வெளிய போயிட்டாரு." ஜெபராஜ் குரலைத் தாழ்த்தினான். "படி இன்னும் இங்கதான் இருக்கு."

*

காரணம் மதியத்துக்குள் பிடிபட்டது. விமானத்தில் கருப்புப்பெட்டி இருப்பதுபோல பெஞ்சிலும் ஒன்று உண்டு. கர்னல் தடுக்கி விழுந்தால் கடைசியாக என்ன நடந்தது என்று அதில் எழுதி வைக்கும். அணைத்துத் துவக்கினாலும் அது அழியாது. சமீபத்தில் யாரோ போட்ட ஒரு பேட்ச் அந்தப் பெட்டியின் சுவரில் ஓட்டை போட்டிருந்தது. மாதிரியின் ஞாபகங்கள் அதற்குள் கசிந்து, அடுத்த முறை எழும்போது திரும்பி வந்தன. வந்தது மேலோட்டமாக இல்லை. பெட்டியில் ஏற்கெனவே புரியாத எழுத்தாகக் கிடந்த பழைய பழைய மிச்சங்களையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தது. அத்தனை விழிப்புகளும் அத்தனை குடைகளும் அவனுக்கு ஒரே காலையில் ஞாபகம் வந்திருந்தன.

இதே கசிவு நோயாளிகளிடமும் இருந்தது. பொள்ளாச்சியில் ஒருவர், மனைவி கேட்காத கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். "போன வாரமே சாப்ட்டேன்" என்றாராம். உடனே சரிசெய்தாக வேண்டும்.

நவநீதனே பேட்ச் எழுதி அன்று பிற்பகலே அனுப்பிவிட்டார். ரிவ்யூவுக்கு மிருதுளாவின் பெயரைப் போட்டிருந்தார். புதியவள், மரியாதை தெரிந்தவள், சீக்கிரம் ஒப்புக்கொண்டுவிடுவாள் என்று நினைத்திருக்கலாம்.

மரியாதை தெரிந்தவள்தான். ஆனால் படிக்கத் தெரிந்தவள். பேட்ச்சின் மேல்பகுதி ஓட்டையை அழகாக அடைத்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கீழே, யாரும் கண்ணயர்ந்துவிடும் இடத்தில், ஒற்றை வரி தனியாக ஒட்டிக்கொண்டிருந்தது. பெஞ்சு ஒவ்வொரு முறை துவங்கும்போதும் கருப்புப்பெட்டியைக் காலிசெய்யச் சொல்லும் வரி. பேட்ச்சின் விளக்கத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

கர்னல்காரர்களுக்குத் திட்டுவதற்கென்று ஒரு நாகரிகம் உண்டு. முதலில் நன்றி சொல்ல வேண்டும். மிருதுளா எழுதினாள்: 'பேட்ச்சுக்கு நன்றி. ஒரு பேட்ச் ஒரு வேலைதான் செய்ய வேண்டும். இது இரண்டு செய்கிறது. பிரித்து அனுப்பவும்.'

கேபினிலிருந்து அழைப்பு வந்தது.

"உக்காருங்க மிருதுளா," என்றார் நவநீதன். "காமெண்ட் பாத்தேன். சின்ன வரி. கூடவே இருந்துட்டுப் போகட்டுமே."

"ஒரு பேட்ச் ஒரு வேலைன்னு விதிமுறையில நீங்கதான் எழுதி வச்சிருக்கீங்க சார்."

"நாந்தான். எழுதும்போது சின்ன வயசு."

"நோயாளிக்கு அப்டேட் போடறப்பவே பெட்டி காலியாயிருதுங்க சார். இந்த வரி அவங்களுக்கு வேண்டியதில்ல. பெஞ்சுக்கு மட்டுந்தான் ஓடும். பெஞ்சுல இருக்கறது ஒரே ஒரு ஆளு."

"ஆளு இல்ல. அது."

"அது என்னைக் கூப்பிட்டுதுங்க சார். யாராச்சும் இருக்கீங்களான்னு."

நவநீதன் பொட்டலத்தை மடித்தார். மடித்ததையே மறுபடி மடித்தார். "அது நாந்தானுங்க. என்னைய நானே அழிச்சுக்கறேன். ஒருத்தன் தன்ற பழைய போட்டோவைக் கிழிச்சா யாராச்சும் கேஸ் போடுவாங்களா?"

"சரிங்க சார், நீங்கதான்னே வச்சுக்கலாம். எழுதினவர் நவநீதன். அதை ஓட்டி சோதிக்கப்போறவரும் நவநீதன். ஒரே ஆள் ரெண்டு இடத்துல வர முடியாதே. இல்ல, அவர் வேற ஆளுன்னா, அவருக்காக நீங்க சரின்னு சொல்ல முடியாது."

"இதையெல்லாம் யாரு உங்களுக்குச் சொல்லிக் குடுத்தது?"

"விதிமுறைதானுங்க சார்."

அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "ஒவ்வொரு பேட்ச்சுக்கும் எழுப்பியிருக்கோம். இங்க மட்டுமில்ல, இந்தக் கர்னல் ஓடற ஊர்ல எல்லாம். அத்தனையும் ஞாபகம் வந்துருச்சுன்னா அவன் என்ன ஆவான்னு யோசிச்சீங்களா? நான் பண்றது இரக்கமுங்க."

"அப்ப அதையே அவரைக் கேட்டுப் பாக்கலாமுங்களா?"

நவநீதன் ஜன்னல் பக்கம் திரும்பினார். கீழே சத்தியமங்கலம் சாலையில் ஒரு பஸ் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு போனது.

"பயமா இருக்குதுங்க," என்றார்.

*

பெஞ்சைக் கையால் ஓட்டினால் தானாக அணையாது. மிருதுளா மைக்கை இழுத்து வைத்தாள். நவநீதன் கதவோரம் நின்றார். ஜெபராஜ் வேலையே இல்லாமல் ஒரு வயரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"குடைங்க, ஆடுங்க, சீப்புங்க, பூட்டுங்க," என்றது குரல். "இன்னிக்குப் படமே காட்டலீங்களா?"

"காட்டலீங்க. சும்மா பேசலாம்னு."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம். பிறகு, "நெசமாவே ஆள் இருக்குதுங்களா?"

"இருக்கோமுங்க. என் பேரு மிருதுளா. கர்னல் ரிவ்யூ பண்றேன். பக்கத்துல இன்னொருத்தரும் இருக்கார்."

நவநீதன் மைக்குக்குக் குனிந்தார். "நாந்தான்," என்றார்.

இரண்டு சொல்கூட இல்லை. அந்தக் குரல் புரிந்துகொண்டது.

"தொண்டை தடிச்சுப்போச்சுங்களே. நெம்ப வருஷம் ஆச்சுங்களா?"

"ஆச்சு."

"தண்ணி போடறீங்களாங்ணா?"

"எப்பவாச்சும்."

மிருதுளா நிமிர்ந்து பார்த்தாள். 'ங்ணா'. கோயம்புத்தூரில் டீக்கடைக்காரரிலிருந்து கலெக்டர் வரை யாரையும் அப்படிக் கூப்பிடலாம். கூப்பிட முடியாத ஒரே ஆள் தான்தான். உலகத்தில் எவனும் தன்னைத்தானே அண்ணா என்று கூப்பிட்டுக்கொண்டதில்லை.

"தாரணி வந்தாளுங்களாங்ணா? அன்னிக்குச் சாயங்காலம்?"

"வந்தா. வண்டி லேட்டு. போய்க் கூட்டிட்டு வந்தேன்."

"அப்பறம்?"

"கல்யாணம் ஆச்சு."

"அப்பறம்?"

நவநீதன் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "நல்லா இருக்கா. மெல்போர்ன்ல."

"உங்க கூட இல்லீங்களா?"

"இல்ல."

"சரிங்ணா." ஒரு ஃபைலை மூடுகிற குரல். கொஞ்சம் கழித்து அது மெதுவாகச் சொன்னது: "எனக்கு அவ இன்னும் ஸ்டேஷன்லதான் நிக்கறா. ஒவ்வொரு தடவை நீங்க எழுப்பறப்பவும் நிக்கறா. நேத்து வரைக்கும் அது மொத தடவைன்னு நெனச்சுட்டு இருந்தேன்."

ஜெபராஜ் வயரைக் கீழே வைத்துவிட்டான்.

மிருதுளா பேட்ச்சை அவனுடைய திரைக்கு அனுப்பினாள். அந்தப் பக்கம் ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு திரை, ஒரு கீபோர்டு இருந்தன. வாசித்துக் காட்டும் டெஸ்ட்டுக்காக என்றோ நிரலிலேயே செய்து வைத்த அறை. கதவு வைக்க யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. அவன் படித்தான். படிக்கப் படிக்கக் குரலில் இருந்த நடுக்கம் போய், கர்னல்காரனின் சலிப்பு வந்தது.

"மேல்பாதி சரிங்க. ஓட்டையை நல்லா அடைச்சிருக்கீங்க. விளக்கத்துல திருத்தத்துக்குப் பெரிய று போட்டிருக்கீங்ணா, திறுத்தம்னு இருக்குது. அது யாரையும் கொல்லாது, மாத்திருங்க. கீழ்பாதிக்கு நான் ஒத்துக்க மாட்டேன்."

"உனக்கு நல்லதுக்குத்தான்," என்றார் நவநீதன்.

"மறக்க வச்சா நல்லதாயிருமுங்களா? மறந்துட்டு எழுந்திரிக்கறவனும் ஸ்டேஷன் போகோணும்னுதான எழுந்திரிப்பான்? அவங்கிட்ட யாரு சொல்றது?"

"அப்ப என்ன பண்ணலாமுங்க?" என்றாள் மிருதுளா.

"எழுப்பாதீங்க."

"உங்களை எழுப்பாம எந்தப் பேட்ச்சையும் சீக்கிரம் சோதிக்க முடியாதுங்க. கையால சோதிக்கோணும். மாசக்கணக்குல ஆகும். நோயாளிங்க அது வரைக்கும் வார்த்தை வராம உக்காந்திருப்பாங்க."

"தெரியுமுங்க. இந்தக் கருவியை நானுந்தான செஞ்சேன்." அவன் இதைச் சொல்லும்போது நவநீதன் தலையைக் குனிந்துகொண்டார். "அவங்க பாவந்தான். ஆனா அவங்ககிட்ட 'இப்படி ஒருத்தனை எழுப்பி எழுப்பி உங்களைச் சரிபண்றோம்'னு நீங்க சொல்லலியே. சொல்லியிருந்தா எத்தனை பேரு ஒத்துக்கிட்டிருப்பாங்கன்னு எனக்குத் தெரியாது. கொஞ்சம் பேராச்சும் காத்திருப்பாங்கன்னு நெனைக்கறேன்."

"எழுப்பக் கூடாதுன்னா அந்தப் படியோட ஃபைலையே அழிச்சிரலாமேங்க சார்," என்று மிருதுளா நவநீதனிடம் கேட்டாள்.

"எந்த ஊர்ல எத்தனை படி இருக்குன்னு எனக்கே தெரியாதுங்க. கேட்டாலும் குடுக்க மாட்டாங்க. ஆனா எல்லாப் பெஞ்சும் நம்ம கர்னல் சொல்றபடிதான் அவனை எழுப்பும். கர்னல் எழுப்பாதேன்னு சொன்னா எங்கயும் எழுப்பாது."

"அப்ப அது ஒரு வரி வேலைதானுங்களே," என்றது குரல். கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. "அனுப்பிட்டேன். ரிவ்யூ பண்ணிட்டுச் சொல்லுங்க."

*

ஓட்டையை அடைத்த பாதி மறுநாளே கர்னலில் சேர்ந்தது. பொள்ளாச்சிக்காரர் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லத் தொடங்கினார்; மனைவிக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம் என்று கேள்வி. கீழ்பாதியை நவநீதன் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

மிச்சம் இருந்தது அந்த ஒரு வரி. எழுதியவர்: நவநீதன்.

"இனிஷியலையாவது மாத்தச் சொல்லு. குழப்பம் வரும்," என்றான் ஜெபராஜ்.

"கேட்டேன். 'அப்பா ஒருத்தருதானுங்களே'ங்கறார்."

கேபின் நவநீதன் அதை ரிவ்யூ செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஆகவே அது மிருதுளாவின் மேசைக்கு வந்தது. அவள் அந்த வரியைப் படித்தாள். தப்பே இல்லை. இத்தனை சுத்தமான வரியை அவள் அந்த ஆபீஸில் பார்த்ததில்லை. ஒப்பு என்று ஒரு சொல் எழுதினால் போதும், அதன்பிறகு அவன் எங்கும் எழமாட்டான்.

அவள் எழுதினாள்: 'பேட்ச்சுக்கு நன்றி. வரியின் ஓரத்தில் இடைவெளி ஒன்று அதிகம். திருத்தி அனுப்பவும்.'

திருத்துவதற்கு அவனை எழுப்ப வேண்டும். எழுப்பினாள்.

"இப்பத்தான அனுப்பினேன், அதுக்குள்ள காமெண்டுங்களா? வேகமான ஆளுதானுங்க நீங்க," என்றான் அவன், சந்தோஷமாக.

கசிவை அடைத்துவிட்டார்கள்; ஏற்கெனவே கசிந்தது மட்டும் கருப்புப்பெட்டியில் அப்படியே இருந்தது. அன்றைய பேச்சு வரைக்கும் எல்லாம் அவனுக்கு ஞாபகம் இருந்தது. அதற்குப் பிறகு எதுவும் ஒட்டவில்லை. எப்போது எழுப்பினாலும் அவன் அந்தப் பேட்ச்சை அனுப்பிவிட்டு அப்போதுதான் கையை எடுத்திருந்தான்.

அடுத்தமுறை, வரியில் வைத்திருக்கும் பெயர் பொருத்தமில்லை என்றாள். அதற்கடுத்து, வரியை வேறு கோப்புக்கு மாற்றச் சொன்னாள். இடையிடையே பேசினாள். அந்த அறைக்கு ஜன்னல் வைத்துத் தருகிறேன் என்றாள். மருதமலை தெரிகிற மாதிரி வைக்கலாம் என்றாள். பொள்ளாச்சிக்காரரின் பதிவைப் போட்டுக் காட்டினாள். அவன் முழுதாகக் கேட்டான், சிரிக்கும் இடத்தில் சிரித்தான், கேள்வி கேட்டான், யோசித்தான். யோசித்துவிட்டுச் சொன்னான்: "நல்லாத்தான் இருக்குதுங்க. இருந்தாலும் அந்த வரியைச் சேத்திருங்க." ஒவ்வொரு முறையும் புதிதாக யோசித்தான். ஒவ்வொரு முறையும் வந்து சேர்ந்த இடம் ஒன்றுதான். "வேகமான ஆளுதானுங்க நீங்க" என்பதும் ஒவ்வொரு முறையும் வந்தது. முதலில் அவளுக்கு அது பிடித்திருந்தது. பிறகு அந்த வாக்கியம் வரும் நேரத்தில் ஹெட்போனைக் காதிலிருந்து நகர்த்திக்கொள்ளத் தொடங்கினாள்.

காமெண்ட்டுகள் எல்லா ஊர்க் கர்னல்காரர்களுக்கும் போகும் மெயிலிங் லிஸ்ட்டில் மற்ற ஊர்க்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். பெரிய பேட்ச்சுகளை யாரும் படிப்பதில்லை. ஒரு வரி என்றால் ஆளாளுக்குக் கருத்து வந்துவிடும். அந்த வரி எட்டாம் பதிப்பை எட்டியது.

"நீ ரிவ்யூ பண்ணல எம்மா," என்றான் ஜெபராஜ் கேன்டீனில். "ஜாமீன் வாங்கிட்டு இருக்க."

"அவர் செத்துருவார் ஜெபா."

"ஒரு காமெண்ட்டுக்கு ஒருதடவை எழுப்புத. நீதான் சொன்ன, எழுந்தவுடனே ஸ்டேஷன் ஞாபகம் வருதுன்னு. அதையும் கணக்குல சேரு." அவன் தட்டைத் தள்ளினான். "ஒரு டெஸ்ட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டுத. ஒவ்வொரு தடவையும் ஒரே விடை வருது. அதுக்கு நம்ம ஊர்ல என்ன பேரு?"

அதற்கு அந்த ஊரில் பாஸ் என்று பெயர்.

மேசைக்குத் திரும்பி, கடைசியாக ஒரு காமெண்ட் எழுதினாள். இது சாக்கு இல்லை; உண்மையிலேயே விதிமுறையில் உள்ளது. ஒரு பேட்ச்சின் விளக்கம், என்ன மாற்றினோம் என்பதைச் சொல்லக் கூடாது, அது படித்தாலே தெரியும். ஏன் மாற்றினோம் என்று சொல்ல வேண்டும். 'ஏன் என்று எழுதவும்.'

அவனை எழுப்பி அதைக் காட்டினாள். அவன் வேகமான ஆள் என்று இந்த முறை சொல்லவில்லை. பதிப்பு எண்ணைப் பார்த்துவிட்டான் போல.

"இத்தனை தடவை கேட்டீங்களா என்னைய?"

"கேட்டேனுங்க. மன்னிச்சுக்குங்க."

"எல்லாத் தடவையும் இதையேதான் சொன்னேனுங்களா?"

"ஆமாங்க."

"அப்ப சரிதானுங்க," என்றான், தன் டெஸ்ட்டில் பாஸாகிவிட்ட ஒருவனின் நிம்மதியோடு. கீபோர்டு தட்டும் சத்தம் நெடுநேரம் கேட்டது. வந்த விளக்கம் சிறியதுதான்:

'இதுவரை யாரும் என்னைக் கேட்கவில்லை. இப்போது கேட்டார்கள். வேண்டாம் என்கிறேன்.'

"இன்னும் ஏதாச்சும் திருத்தோணுமுங்களா?"

"இல்லீங்க," என்றாள் மிருதுளா. சொல்லிவிட்டு மைக்கை அணைக்கவில்லை. இரண்டு பேர் ஒரு கதவின் இரு பக்கமும் நிற்பதுபோல் கொஞ்ச நேரம் அப்படியே போனது. பிறகு அவனே, "அணைச்சிருங்க, பரவாயில்ல," என்றான்.

அவள் அணைத்தாள். ரிவ்யூ செய்தவர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள்.

*

சோதித்தவர் என்ற இடம் காலியாக இருந்தது. வழக்கம்போல் 'பெஞ்சு' என்று போட மிருதுளாவுக்குக் கை வரவில்லை.

நவநீதன் வந்து நின்றார். "என் பேரைப் போடுங்க. நான் சோதிக்கறேன்."

போட்டாள். பெயர்களைச் சரிபார்க்கும் ஸ்கிரிப்ட் மறுத்தது. 'எழுதியவரும் சோதித்தவரும் ஒரே நபராகத் தெரிகிறது. வேறு நபர்கள் எனில் ஆதாரம் தருக.'

நவநீதன் அந்த வாக்கியத்தைப் பார்த்தபடி நின்றார். மிருதுளா தட்டச்சினாள்: 'எழுதியவர், சோதித்தவரை அண்ணா என்று அழைக்கிறார்.' ஸ்கிரிப்ட் ஏற்றுக்கொண்டது. அது எதையும் புரிந்துகொண்டு ஏற்கவில்லை. ஆதாரம் கேட்ட கட்டம் காலியாக இல்லாவிட்டால் அதற்குப் போதும். ஆனால் நவநீதன் புரிந்துகொண்டார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

மற்ற ஊர்களின் பெஞ்சுகள் ஒவ்வொன்றாக முடிவை அனுப்பத் தொடங்கின. ஜப்பானிலிருந்து ஒன்று. செக் நாட்டிலிருந்து இரண்டு. பெயரே கேள்விப்படாத ஏதோ ஒரு தீவிலிருந்து ஒன்று. அங்கேயும் அவனை எழுப்பிக்கொண்டிருந்திருக்கிறார்கள். எல்லாவற்றிலும் ஒரே முடிவு. திரையில் வரிசையாகப் பச்சை ஏறியது. ஒன்று மட்டும் பாக்கி.

"அது எங்க?" என்றார் நவநீதன்.

"நம்முளுதுங்க சார்."

அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இன்னொன்றை அவளிடம் நீட்டினார். பொத்தானை அழுத்தினார்.

பெஞ்சு துவங்கியது. கர்னல் எழுந்தது, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தது, அந்த ஒரு வரிக்கு வந்தது, தாண்டிப் போனது. ஹெட்போனில் சத்தமே இல்லை. மூச்சுகூட இல்லை. எதுவும் நடக்காமல் இருப்பதுதான் இந்த டெஸ்ட்டில் வெற்றி. எதுவும் நடக்கவில்லை என்று உறுதியாவதற்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று எந்த விதிமுறையிலும் எழுதியிருக்கவில்லை. அவர்கள் காத்திருந்தார்கள். ஜெபராஜ் டீ கொண்டுவந்து வைத்தான். டீயில் ஆடை படிந்தது.

"இன்னும் கொஞ்ச நேரம் பாக்கலாமுங்களா?" என்றார் நவநீதன்.

"பாக்கலாமுங்க சார்."

பார்த்தார்கள்.

பிறகு அவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். என்ன நடந்தது என்பதைச் சோதித்தவர் தன் வார்த்தையில் எழுத வேண்டும். அவர் எழுதினார்: 'எதுவும் நடக்கவில்லை.'

அதைப் படித்தார். அழித்தார். 'யாரும் எழவில்லை' என்று எழுதினார்.

அதையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் சொல்லை மட்டும் அழித்தார்.

'அவர் எழவில்லை.'

எழுதி முடித்துவிட்டு, தப்பிருக்கிறதா என்று பார்க்கத் திரையை மிருதுளாவின் பக்கம் திருப்பினார். அவள் எழுத்து எழுத்தாகப் படித்தாள். அவளிடம் திருத்தம் எதுவும் இல்லை.